அணு கரண்டும் வெயில் மோட்டாரும்

எங்கள் வீட்டில் கரண்ட் போனால் அடி விழும். எழுபதுகளின் நடுவில், திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே இருந்த எங்கள் ஊருக்கு மோட்டார் கரண்ட் பகலில் கொஞ்ச நேரம்தான் வரும். எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பாதி வயல் நனைவதற்குள் மோட்டார் முனகி நின்றுவிட்டால், அப்பா வரப்பில் விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து வருவார். அந்த நடையைப் பார்த்ததுமே அம்மா எங்களைக் கொல்லைப் பக்கம் தள்ளிவிடுவாள். கையில் சொம்பு அகப்பட்டால் சொம்பு பறக்கும். அம்மா அகப்பட்டால் அம்மா. ஒரு தடவை ஸ்டார்ட்டர் பெட்டியையே மிதித்து நொறுக்கினார். அதைச் சரிசெய்யும்வரை பயிர் காய்ந்தது. அதற்கும் சேர்த்து அண்ணன்தான் வாங்கினான். புளிய மிளாறு முறிந்த பிறகும் அப்பாவின் கை நிற்கவில்லை.

அன்றைக்கு நடுவில் வந்து விழுந்தது மாமா. அம்மாவின் தம்பி. அடுத்த வயல்காரர். சத்தம் கேட்டு ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டினார். "என்னய அடிங்க மச்சான், புள்ளைய விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பாவும் அவரை அடித்தார். மாமா திருப்பிக் கை ஓங்கியதே இல்லை. கோழி அறுக்கக்கூட அத்தைதான் போக வேண்டும், அவர் தெருவுக்குப் போய்விடுவார். ஊரில் அவரைப் பற்றி அப்படித்தான் சொல்வார்கள்.

அண்ணன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் கட்டிக்கொண்டிருந்த அணுமின் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தான். வேறு வேலைகளும் கிடைத்தன. எதற்காக அதையே பிடித்துக்கொண்டான் என்று நான் கேட்டதில்லை. அவன் முதுகைப் பார்த்தவளுக்குக் கேட்க ஒன்றும் இல்லை. நான் மதுரையில் ஒரு கல்லூரியில் பௌதிகம் படித்து, அங்கேயே லேபில் டெமான்ஸ்ட்ரேட்டராக உட்கார்ந்தேன். தினமும் பஸ்ஸில் போய் வருவேன்.

எண்பதுகளின் முதல் பாதியில் ஒரு பொங்கலுக்கு அண்ணன் வந்தபோது முகமெல்லாம் சிரிப்பாக இருந்தான். அவனுடைய நிலையம் ஓட ஆரம்பித்துவிட்டது. டீக்கடை பெஞ்சில் அவனை நடுவில் உட்கார வைத்து ஊரே சுற்றி நின்றது. நான் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றேன்.

"அணுவுல இருந்து கரண்ட் எப்படி மாப்ள வரும்?" என்று மாமாதான் கேட்டார்.

"நிலக்கரிய எரிச்சுத் தண்ணிய ஆவியாக்குற மாதிரிதான் மாமா. இங்க கரிக்குப் பதிலா அணு. வண்டி வண்டியா கரி வேணாம். எங்க ஒரு மெஷின் போதும், மதுரை பூரா எரியும்."

"அப்ப மோட்டாருக்கு?"

"இன்னமே கரண்ட் கட்டே இருக்காது மாமா. எழுதி வச்சுக்கங்க."

அப்பா அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் யாருக்கும் எதுவும் வாங்கிக் கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மாமாவின் வயலுக்குத் தனிக் கிணறு இல்லை. எங்கள் கிணற்றில் அவருக்கும் பாத்தியதை உண்டு. எங்கள் வயல் நனைந்த பிறகு அதே மோட்டார் தண்ணீர் நீண்ட வாய்க்கால் வழியாக அவருக்குப் போகும். அதை நம்ப முடியாது என்பதால் சோளமும் கடலையுமாகவே போட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தை மாதத்திலேயே சோளக்கொல்லையை உழுது வாழை வைத்தார். வாழை ஒரு வாரம் தண்ணீர் தவறினாலும் தாங்காது. அத்தை தயங்கினாள். "மாப்ள சொல்லிருக்கான்" என்றார் மாமா.

வெயில் மோட்டார் எங்கள் கிணற்றுக்கு வந்தது என்னால். கல்லூரிக்குச் சோதனைக்காகச் சில சோலார் பலகைகளும் அவற்றில் ஓடும் சின்ன மோட்டார் ஒன்றும் வந்திருந்தன. கிணறு உள்ள இடமாகப் பார்த்து வைத்து, நாள் முழுக்க எவ்வளவு தண்ணீர் இறைக்கிறது என்று அளக்க வேண்டும். எங்கள் பேராசிரியர் கேட்டபோது நான் கை தூக்கினேன். கிணற்று மேட்டில் இரும்புச் சட்டம் நட்டு, நீலப் பலகைகளைத் தெற்குப் பார்த்துச் சாய்த்து வைத்தார்கள். உள்ளே படிக்கட்டுத் திட்டில் மோட்டாரை இறக்கினார்கள். முதல்நாள் குழாயில் தண்ணீர் வந்ததும் ஊர்ப் பிள்ளைகள் கைதட்டின. அப்பா குனிந்து பார்த்தார்.

"சின்னப்புள்ள ஒண்ணுக்கு இருக்குற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உண்மையில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. ஒரு டீசல் டிரம்மை வைத்து, நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பேன். காலையில் சொட்டும். பத்து மணிக்கு மேல் ஒழுங்காக விழும். உச்சி வெயிலில் பலகையின் பின்னால் எழுதியிருந்த கரண்ட் கிட்டத்தட்ட முழுசாக வரும். மூன்று மணிக்கு மேல் இளைத்துவிடும். ஒரு மேகம் கடந்தால் தண்ணீர் அப்படியே குழாய்க்குள் இறங்கிப் போகும். ஆனால் அடுத்த நாளும் வரும், அதற்கு அடுத்த நாளும் வரும். அது வராத நாள் என்று நான் பார்த்தது மழைநாட்களைத்தான்.

அடுத்த லீவில் வந்த அண்ணன் கிணற்று மேட்டில் குந்தியிருந்து ஒரு பகல் முழுக்க அதைப் பார்த்தான்.

"பலகைல எழுதியிருக்கது உச்சி வெயில்ல வர்றது. காலைல எம்புட்டு, சாயங்காலம் எம்புட்டு, ராத்திரி எம்புட்டு? எல்லாத்தையும் சேத்து வகுத்துப் பாரு. எழுதினதுல அஞ்சுல ஒண்ணு தேறுமா?" என்றான்.

"தேறும். அவ்வளவுதான் தேறும்" என்றேன். "உன் மெஷின்ல எழுதியிருக்கதுல எம்புட்டுண்ணே தேறுது?"

அவன் ஒரு கல்லை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டான்.

"ஓடுனா முழுசா ஓடும். ராப்பகல் கெடையாது, மேகம் கெடையாது. ஆனா நின்னா நின்னதுதான் புள்ள. ஒரு குழாய்ல கசிவுன்னா நம்ம ஸ்டார்ட்டர் மாதிரி தொறந்து பாக்க முடியாது. ஆறணும். கதிர்வீச்சு இருக்கதால உள்ள போறவன் கொஞ்ச நேரம்தான் நிக்கலாம், வெளிய வந்துரணும், அடுத்தவன் போகணும். ஒரு வால்வு மாத்த வாரக்கணக்கா ஆகுது. இந்த வருசம் ஓடுனதவிட நின்னதுதான் அதிகம்."

"டீக்கடையில அப்படிச் சொல்லலயே."

"அன்னைக்கு ஓடிக்கிட்டுல்ல இருந்துச்சு" என்றான்.

அதற்கு அடுத்த கோடையில்தான் எல்லாம் நடந்தது. முந்தின மழைக்காலம் பொய்த்து, அணைகளில் தண்ணீர் இல்லாமல் புனல் மின்சாரம் படுத்துவிட்டது என்றார்கள். மோட்டார் கரண்ட் ஒருநாள் வந்தால் இரண்டு நாள் வராது. வந்தாலும் வோல்டேஜ் இல்லாமல் மோட்டார் ஓலமிட்டு உள்ளே கம்பிச் சுருள் கருகும். எங்கள் கிணற்றில் தண்ணீர் இருந்தது, வெயில் மோட்டாரின் சிறு ஒழுக்கைத் தவிர ஏற்ற வழி இல்லை. கமலையில் தண்ணீர் இறைத்த மாடுகளை எப்போதோ விற்றாயிற்று. ஊருக்கு இருந்த ஒரே ஆயில் இஞ்சின் பெரிய வயல்காரரின் கரும்பை விட்டு நகரவில்லை. குலை தள்ளும் பருவத்தில் மாமாவின் வாழை ஒவ்வொன்றாக இடுப்பு ஒடிந்து சாய்ந்தது.

ஒருநாள் கல்லூரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸை மறித்துவிட்டார்கள். துணைமின் நிலையத்துக்கு முன்னால் ஆட்கள் நின்றார்கள். காய்ந்த வாழைகளையும் கருகிய நாற்றையும் கேட்டில் குவித்திருந்தார்கள். முதலில் கோஷம்தான் போட்டார்கள். உள்ளேயிருந்த அதிகாரி வெளியே வரவில்லை. ஒரு லைன்மேன் மட்டும் பேச வந்தார். எங்கள் வீட்டில் மோர் வாங்கிக் குடித்தவர்தான். "அண்ணே, எங்க கைல என்ன இருக்கு, மேல இருந்து..." என்று தொடங்கியதும் ஒரு கை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது. கேட்டுக்கு வெளியே வந்து விழுந்தார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை, ஏறி இறங்கும் கால்களைத்தான் பார்த்தேன். கற்கள் பறந்தன. கண்ணாடிகள் உடைந்தன. பஸ்ஸில் பெண்கள் சீட்டுக்கு அடியில் குனிந்தார்கள். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை, ஏனென்றால் மாமாவைப் பார்த்துவிட்டேன். அவர் கையில் ஒரு கல் இருந்தது. எறிந்தார். இன்னொன்றைக் குனிந்து எடுத்தார்.

போலீஸ் வேன் வந்தது. இரண்டு பக்கமும் கதவு திறந்து லத்திகள் இறங்கின. ஓடியவர்களின் குதிகாலில் அடித்தார்கள், விழுந்தவர்களின் முதுகில் அடித்தார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த அப்பா நெற்றி பிளந்து வீடு வந்து சேர்ந்தார். மாமாவின் முதுகைப் பார்த்து அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். மஞ்சள் பற்றுப்போடும்போது அவர் முனகவே இல்லை. லைன்மேனுக்கு விலா எலும்புகள் முறிந்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அடுத்த நாளும் கரண்ட் வரவில்லை.

வைகாசி விசாகத்துக்கு அண்ணன் வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் ஒருவன், "வாங்க அணுகுண்டு, கரண்டப் பையில கொண்டாந்திருக்கீகளா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தான்.

மறுநாள் உச்சிவேளை. நான் லீவில் இருந்தேன். அண்ணனும் நானும் கிணற்றடியில் டிரம்மோடு நின்றோம். அப்பா கொஞ்சம் தள்ளி வேப்பமரத்து நிழலில் படுத்திருந்தார். மாமா தோளில் மண்வெட்டியோடு வந்தார்.

"ஏத்தா, இந்த வெயில் மோட்டார் தண்ணிய இன்னைக்கு எனக்கு விடு" என்றார் என்னிடம்.

"விடுறேன் மாமா. ஆனா அங்க வரைக்கும்..."

"நீ விடு."

டிரம்மை நகர்த்தினேன். தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது. மாமா முன்னால் நடந்து, வழியில் அடைப்பை வெட்டி, வெடிப்புகளில் மண்ணை அணைத்துக்கொண்டே போனார். தண்ணீரும் அவர் பின்னால் போனது. வாய்க்கால் பல வாரமாகக் காய்ந்து கிடந்தது. கொஞ்ச தூரம் போய்த் தண்ணீர் மெதுவாக நடந்தது. அப்புறம் அங்கேயே நின்று, நின்ற இடத்திலேயே ஊறியது. பின்னாலிருந்து வரும் தண்ணீர் எல்லாம் அந்த ஈரத்துக்கே சரியாக இருந்தது. பெரிய மோட்டார் ஓடினால் மண் குடிக்கும் முன்னே தண்ணீர் தாண்டிப் போய் வாழையைத் தொட்டுவிடும். அது ஓடவில்லை. ஓடிக்கொண்டிருந்தது எட்டவில்லை. மாமா அந்த ஈரம் முடிந்த இடத்தில் நின்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு அப்பால் அவருடைய வாழைகள் தெரிந்தன.

திரும்பி வந்தார். குரல் உயரவில்லை.

"மாப்ள, ஒண்ணு கேக்குறேன். உங்க மெஷின் ஓடுதா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். "இல்ல மாமா. நின்னுபோச்சு" என்றான்.

"எப்ப இருந்து?"

"பங்குனியில இருந்து. அதுக்கு முன்னாடியும் விட்டு விட்டுத்தான் ஓடுச்சு."

"அப்பறம் ஏன்டா கட்டே இருக்காதுன்ன?"

"ஓடும்னு நம்பித்தான் மாமா சொன்னேன்."

மாமா தலையை ஆட்டினார். ஏதோ ஒப்புக்கொள்வது போலத்தான் இருந்தது. பிறகு திரும்பி மண்வெட்டியைத் தூக்கி முதல் பலகையில் போட்டார். கண்ணாடி கற்கண்டுத் தூளாகச் சிதறியது. இரண்டாவதில் போட்டார். குழாயில் தண்ணீர் சுருங்கியது. நான் அலறினேன். அண்ணன் ஓடிப்போய்க் குறுக்கே நின்று, "மாமா, விடுங்க, அது என்ன செஞ்சுச்சு" என்று மண்வெட்டிக் கணையைப் பிடித்தான். மாமா கணையை இழுத்து உருவினார். அவன் முகத்தைப் பார்த்தார். பார்த்துத்தான் அடித்தார். மண்வெட்டியின் பின்பக்கம் இடது கண்ணில் இறங்கியது. தேங்காய் உடைவது போல ஒரு சத்தம் கேட்டது. அண்ணன் கத்தவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடி, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். விரலிடுக்கில் ரத்தம் வந்தது.

அப்பா எழுந்து நின்றதைப் பார்த்தேன். மகனிடம் வருவார் என்று நினைத்தேன். அவர் வீட்டைப் பார்த்து ஓடினார்.

மாமா மண்வெட்டியைக் கீழே போட்டார். "மாப்ள... ஏ மாப்ள..." என்று அண்ணனின் தலையைத் தூக்கினார். என் தாவணியை உருவி அவன் கண்ணில் வைத்து அழுத்தச் சொன்னார். பிறகு அவனை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தார். நான் துணியைப் பிடித்தபடி பக்கத்திலேயே ஓடினேன். ரோட்டுக்குப் போகும் வழி எங்கள் வாசலைத் தாண்டித்தான்.

வாசலில் அப்பா அரிவாளோடு நின்றார்.

"எறக்கு அவன. எறக்கிட்டு நில்லுடா."

"எறக்க மாட்டேன் மச்சான். ஆசுபத்திரியில சேத்துட்டு வந்து நிக்கிறேன், வெட்டுங்க" என்றார் மாமா, நடையை நிறுத்தாமல்.

அப்பாவின் கை உயர்ந்தது. மாமாவின் கழுத்துக்கு மேலே அண்ணனின் தலை தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அரிவாள் இறங்கினால் யார்மேல் இறங்கும் என்பது அப்பாவுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பின்னால் அம்மா வந்ததையும் நான் கடைசியில்தான் பார்த்தேன். கையில் உலக்கை. நெல் குத்துவது போல, நிதானமாக, முழு வீச்சில் அப்பாவின் முழங்கால் பக்கவாட்டில் அடித்தாள். கால் மடங்கக் கூடாத பக்கமாக மடங்கியது. அப்பா விழுந்தார். அம்மா அரிவாளைக் காலால் தள்ளிவிட்டு, மறுபடி உலக்கையை ஓங்கி அவர் தலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"எந்திரிச்சா போட்டுருவேன்" என்றாள். பிறகு எங்களைப் பார்த்து, "போங்க" என்றாள்.

ஒரு மணல் லாரி நின்றது. மதுரை பெரியாஸ்பத்திரி வரைக்கும் மாமா அண்ணனைத் தன் மடியில் வைத்திருந்தார். குழியில் லாரி குலுங்கும்போதெல்லாம் அவன் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவர் வேட்டி முழுக்க ரத்தம். ஆஸ்பத்திரியில் கேட்டபோது அவரே முன்னால் போய், "நான்தான்யா அடிச்சேன்" என்றார். போலீஸ் வந்து கூட்டிப் போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

அடுத்த வாரம் கல்லூரிக்குப் போனேன். பேராசிரியர் முதலில் பலகைகளைப் பற்றித்தான் கேட்டார். உடையாதவற்றைக் கழற்றிக் கொண்டுபோக ஆள் அனுப்பினார். அதற்கு முன் ஒரு பகல் மீதிப் பலகையில் மோட்டார் எவ்வளவு இறைக்கிறது என்று நான் அளந்து பார்த்தேன். எதற்கென்று தெரியாது. அது ஓடிக்கொண்டிருந்தது, அளந்தேன்.

வழக்கு மதுரைக் கோர்ட்டில் நடந்தது. அம்மா அண்ணனிடம் கெஞ்சினாள். "தடுக்கி விழுந்தேன்னு சொல்லுப்பா. உன் அப்பன் அடிச்ச அடியெல்லாம் அவன்தானப்பா வாங்குனான்." அண்ணன் கேட்டுக்கொண்டான். கூண்டில் ஏறி, யார் அடித்தது என்று கேட்டபோது, "எங்க மாமா" என்றான். "ரோடு வரைக்கும் தூக்கிட்டு ஓடுனதும் அவர்தான்" என்பதையும் சொன்னான். அதை யாரும் கேட்கவில்லை. என்னையும் கூப்பிட்டார்கள். நான் பார்த்ததைச் சொன்னேன். மாமா சிறைக்குப் போனார். அம்மா என்னோடு எப்போதும்போலப் பேசினாள், பொம்பளைப்பிள்ளை பயந்துபோய்ச் சொல்லியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அண்ணனோடு பேச்சை விட்டுவிட்டாள்.

"நடந்தத நடந்தபடி சொன்னேன். ஒருதடவை ஆசைப்பட்டத சொன்னதுக்குத்தான் இந்தக் கண்ணு போச்சு" என்று என்னிடம் ஒருநாள் சொன்னான்.

ஒற்றைக் கண்ணோடு அவனைப் பழையபடி கட்டுப்பாட்டு அறையில் உட்காரவிடவில்லை. ஸ்டோருக்கு மாற்றினார்கள். மெஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்பதை மற்றவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் அது. அப்பாவின் கால் நேராகவே இல்லை. வெந்நீர் ஒத்தடமும் கஞ்சியும் அம்மாதான் கொடுத்தாள். அவர் அதற்குப் பிறகு கை ஓங்கவில்லை. ஓங்கினால் ஊன்றியிருக்கும் கம்பை விட வேண்டும். மாமாவின் வாழை ஒன்றுகூட மிஞ்சவில்லை. அத்தை அதே நிலத்தில் மறுபடி சோளம் விதைத்தாள், விதைப்புக்கு அம்மா போனாள். சில வருஷம் கழித்து ஒரு பொங்கலன்று, அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, அம்மா உள்ளேயிருந்து "சோறு போடவா?" என்றாள்.

மாமா விடுதலையான பிறகு அவரும் அண்ணனும் ஒருதடவைதான் சந்தித்தார்கள். திருப்பரங்குன்றத்தில் பஸ் ஏறியபோது காலியாக இருந்த சீட்டில் அண்ணன் உட்கார்ந்துவிட்டான். இடதுபக்கம் இருப்பவர் யாரென்று அவனுக்கு முழுசாகத் தலையைத் திருப்பினால்தான் தெரியும். திருப்பினான். மாமா. தலை நரைத்திருந்தது. பஸ் கிளம்பிவிட்டதால் இரண்டு பேரும் எழவில்லை.

"இப்ப ஓடுதா மாப்ள?" என்று மாமா கேட்டாராம்.

"ஓடுது மாமா. போன மாசம் பூரா நிக்காம ஓடுச்சு."

"சரி" என்றாராம். ஊர் வருவதற்கு இரண்டு நிறுத்தம் முன்பே எழுந்து இறங்கி, வயல் வழியாக நடந்து போய்விட்டாராம்.